இருபதில் ஒரு பங்கு

எட்டு வருடமாகியும் அந்தக் காப்பைப் பற்றிப் பேசி முடித்தபாடில்லை ராமசுப்பு. தங்கை சங்கரேஸ்வரியின் மகளுக்குச் சடங்கு கழித்தபோது தாய்மாமன் சீராக இரண்டு பவுனில் ஒரு கைக்காப்புப் போட்டவன் அவன். அதற்கென்றே குவைத்திலிருந்து விமானம் ஏறி வந்தானாம். லீவில் வந்தவன் சடங்கில் கலந்துகொண்டான் என்பதுதான் உண்மை. ஆனால் உண்மையை வைத்துக்கொண்டு என்ன பெருமையடிக்க முடியும்? கல்யாண வீடு, துக்க வீடு என்று பார்க்க மாட்டான். "நம்ம கோமதிக்கு நான் ரெண்டு பவுன் போட்ட அன்னைக்கு..." என்று தொண்டையைக் கனைத்தானானால் பக்கத்தில் இருப்பவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

அவன் போட்டபோது பவுன் இருபத்திரண்டாயிரம். பவுன் விலை ஏற ஏற ராமசுப்புவின் தாராள குணமும் கூடவே ஏறியது. விலை அறுபதாயிரமானபோது அவன் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குச் சீர் செய்தவனானான். இந்த ஐப்பசியில் பவுன் தொண்ணூற்றைந்தாயிரத்தைத் தொட்டது. கிட்டத்தட்ட இரண்டு லட்சம் செய்தவன் என்று இப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறான். பையிலிருந்து ஒரு காசு எடுக்காமல் வருடா வருடம் வள்ளலாகிக்கொண்டே போகிற வித்தை அவனுக்கு மட்டும்தான் வாய்த்திருந்தது.

இப்போது அவன் மகளுக்குக் கல்யாணம். ராயகிரியில் வீட்டை வைத்துக்கொண்டு, சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டு ஏசி மண்டபத்தைப் பிடித்திருந்தான். உள்ளூர் மண்டபத்துக்குள் அவனுடைய கௌரவம் நுழையாதாம்.

பத்திரிகை வந்த அன்றைக்கே சங்கரேஸ்வரியின் புருஷன் செல்லச்சாமி பீரோவைத் திறந்து மொய் நோட்டை வெளியே எடுத்தார். விசைத்தறி பாதி நாள் ஓடும், பாதி நாள் ஓடாது. ஓடாத நாட்களில் செல்லச்சாமி மானம் மரியாதையைக் கவனித்துக்கொள்வார். வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மொய் நோட்டு மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள், உறைக்கு மேல் ரப்பர் பேண்டோடு பத்திரமாக இருக்கும்.

"ராமசுப்பு மச்சான், ரெண்டு பவுன் காப்பு ஒண்ணு" என்று விரல் வைத்து வாசித்தார். "அப்பமே சொன்னேன்லா. பெருசா செஞ்சிருக்காரு, பெருசாத் திருப்பிச் செய்யணும்."

"ரெண்டு பவுன்னா இன்னைக்கு என்ன வெலைன்னு தெரியுமா உங்களுக்கு?"

"வெலையப் பாத்தா செய்முறை செய்ய முடியுமாட்டி? சபையில நாலு பேரு கேப்பான்."

அந்த நாலு பேர் யார் என்று சங்கரேஸ்வரி இருபது வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். அரிசி தீர்ந்த நாளில் அவர்கள் ஒருவரும் வந்து கேட்டதில்லை.

அவளுக்குப் பூ மார்க்கெட்டில் சின்னதாய் ஒரு கமிஷன் கடை. விடிவதற்கு முன்னே தராசுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவாள். மல்லிகைக்குள் எவ்வளவு தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்திருக்கிறான் என்று கையில் அள்ளிய மாத்திரத்தில் சொல்லிவிடுகிறவள். அப்படி எடை போட்டுச் சேர்த்த எண்பத்தைந்தாயிரம் ரூபாய் அவளிடம் இருந்தது. மகள் சங்கரகோமதி நர்சிங் படிக்கிறாள். கடைசி வருடத்துப் பணம் இந்த மாதக் கடைசிக்குள் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் பரீட்சைக்கு உட்கார விடமாட்டோம் என்று காலேஜில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். செல்லச்சாமியின் கண் அந்த எண்பத்தைந்தாயிரத்தின் மேலேயே மேய்ந்துகொண்டிருந்தது.

"அதத் தொட்டீங்கன்னா நடக்கதே வேற" என்றாள். "அந்தக் காப்பயே அழிச்சு வேற உருப்படியாப் பண்ணிப் போட்டுருவோம். கூலி மட்டும்தான் கையிலருந்து ஆகும்."

செல்லச்சாமி யோசித்தார். செய்ததையே அப்படியே திருப்பிச் செய்தால் அசிங்கம். செய்தவனை முகத்தில் அறைந்த மாதிரி. ஆனால் உருக்கி நெக்லஸாகவோ வளையலாகவோ மாற்றிவிட்டால் அது வேறு நகை. தங்கத்துக்கு முகமா இருக்கிறது, அடையாளம் கண்டுபிடிக்க? மானமும் தப்பியது, பணமும் தப்பியது என்று செல்லச்சாமியே தலையாட்டிவிட்டார்.

மறுநாள் மார்க்கெட் முடிந்ததும் காப்பைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் முகம்மது ஆரிப்பின் கடைக்குப் போனாள். செல்லச்சாமியும் கூடவே வந்தார். தங்கம் கை மாறுகிற இடத்தில் ஓர் ஆண்பிள்ளை நிற்க வேண்டாமா?

ஆரிப் பழைய நகை வாங்குகிறவர். கடையென்று பேர், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். ஷார்ஜாவில் ஒரு நகைப் பட்டறையில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். மனிதர் வாயிலிருந்து வார்த்தை விழுவது அபூர்வம். விழுந்தால் கொஞ்சம் வலிக்கிற மாதிரிதான் விழும்.

காப்பை எடைத்தட்டில் வைத்தார். சரியாகப் பதினாறு கிராம் காட்டியது. "பாத்தியா, மச்சான் எடை சுத்தம்" என்று செல்லச்சாமி பூரித்துப்போனார். ஆரிப் உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்து, அந்தக் கோட்டின் மேல் திராவகம் ஒரு சொட்டு விட்டார். மஞ்சள் கோடு அப்படியே இருந்தது. தங்கம்தான் என்று சங்கரேஸ்வரிக்கே தெரிந்தது. ஆனால் ஆரிப் காப்பைக் கீழே வைக்கவில்லை. கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு, காப்பைத் திறந்து மூடும் பூட்டின் உள்பக்கத்தை வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது ஏதும்மா?"

"எங்க அண்ணன் குவைத்துலருந்து கொண்டாந்தது. எம் மக சடங்குக்கு."

"உள்ள ஒரு முத்திர இருக்கு, பாத்திருக்கியளா?"

செல்லச்சாமி முந்திக்கொண்டார். "இருக்கும் பாய். ஜிஎஃப்னு போட்டிருக்கும். அன்னைக்கே மச்சான் சொன்னாரு, கல்ஃப் தங்கம்னு அர்த்தமாம்."

ஆரிப் கண்ணாடியை எடுத்துவிட்டு செல்லச்சாமியை ஒரு பார்வை பார்த்தார். பரிதாபப்படுகிறாரா, எரிச்சல்படுகிறாரா என்று சொல்ல முடியாத பார்வை. "உங்க மச்சான் கெட்டிக்காரருதான்" என்றார். பிறகு சங்கரேஸ்வரியிடம், "உள்பக்கமா அரத்தால ஒரு கீறு போட்டுப் பாக்கட்டுமா? வெளிய தெரியாது" என்று கேட்டார்.

போடுங்க என்றாள்.

அரம் இரண்டு தடவை ஓடியது. கீறின இடத்தில் ஒரு சொட்டு விட்டதும் பச்சையாய் நுரைத்துப் பொங்கியது. வேறு எதையும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. செல்லச்சாமிக்கு விளக்க வேண்டியிருந்தது.

"உள்ள பித்தள. மேல தங்கத் தகடு" என்றார் ஆரிப். "நம்ம கவரிங்குனா பேருக்குப் பூசியிருப்பான், ரெண்டு வருசத்துல பல்லக் காட்டிரும். இது அப்படியில்ல, தகடாவே வச்சு அழுத்தியிருக்கான். அதனாலதான் கறுக்கல. உரசினாலும் தங்கம்தான் வரும், ஏன்னா உரசுதது தங்கத்ததான. வெளிநாட்டுல ஒளிவு மறைவில்லாம விக்கான். முத்திரையிலயே எழுதியிருக்கான், ஜிஎஃப், அதாவது கோல்டு ஃபில்டு, இருவதுல ஒரு பங்கு, பதினாலு கேரட், அப்படின்னு. அவன் ஏமாத்தல."

அவன் ஏமாற்றவில்லை என்றால் வேறு யார் ஏமாற்றியது என்று ஆரிப் சொல்லவில்லை. அந்தச் சின்னக் கடைக்குள் அந்தக் கேள்விக்கு இடமும் இல்லை.

சங்கரேஸ்வரி முக்காலியில் உட்கார்ந்தாள். கொரோனா சமயத்தில் மார்க்கெட் பூட்டிக் கிடந்தபோது இந்தக் காப்பைக் கரிவலத்தில் ஓர் அடகுக் கடையில் வைத்து முப்பத்தைந்தாயிரம் வாங்கினாள். அந்த மகானும் கல்லில் உரசித்தான் பார்த்தான். ஒரு வருடம் கழித்து ஆறாயிரத்து முந்நூறு வட்டி கட்டித் திருப்பினாள். தண்ணீர் தெளித்த பூவுக்குக் கிலோவுக்கு நூறு கிராம் பிடித்துக்கொண்டு எழுதுகிறவள், பித்தளைக்கு வட்டி கட்டியிருக்கிறாள். தன் மேலேயே அவளுக்கு அப்படி ஒரு எரிச்சல் வந்தது.

"அப்ப இதுக்கு ஒண்ணுமே பெறாதா பாய்?"

"ஒண்ணுமே பெறாதுன்னு சொல்ல மாட்டேன். கணக்குப் போட்டுச் சொல்லுதேன்." ஆரிப் ஒரு துண்டுச் சீட்டை இழுத்தார். "பதினாறு கிராமு. அதுல இருவதுல ஒரு பங்கு எவ்வளவு?"

"எண்ணூறு மில்லி" என்றாள் சங்கரேஸ்வரி. கணக்கென்று வந்துவிட்டால் அவளுக்கு அழுகைகூடத் தள்ளி நின்றுகொள்ளும்.

"அந்த எண்ணூறும் சுத்தத் தங்கமில்ல. பதினாலு கேரட்டு. இருவத்தினாலுல பதினாலு பங்குதான் தங்கம், மிச்சம் செம்பு. அப்ப நானூத்தி அறுவத்தாறு மில்லி. எட்டு வருசம் கையில கெடந்து ஓரமெல்லாம் தேஞ்சிருக்கு, நானும் கீறிட்டேன், அறுவத்தாறத் தள்ளிருவோம். நானூறு மில்லி. சுத்தத் தங்கம் இன்னைக்குக் கிராமு பன்னெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்தி அம்பது."

"அஞ்சாயிரத்து நூத்தி எம்பது."

"அத உருக்கி, திராவகத்துல போட்டுத் தங்கத்தத் தனியாப் பிரிக்கணும். இங்கன முடியாது, மதுரைக்கு அனுப்பணும். கூலி ஆயிரத்தி ஐந்நூறு. மூவாயிரத்து அறுநூத்தி எம்பது." ஆரிப் பேனாவை மூடப் போனவர் திரும்பத் திறந்தார். "பித்தள பதினஞ்சு கிராமு இருக்கு. பழைய பித்தள கிலோ ஐந்நூறு. ஏழு ரூவா. அதையும் சேத்துக்கிடுங்க."

மூவாயிரத்து அறுநூற்று எண்பத்தேழு. அடியில் கோடு போட்டுச் சீட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். இரண்டு பவுன் என்று எட்டு வருடம் நோட்டில் உட்கார்ந்திருந்த சீர், மூன்று கிலோ மல்லிகை விலைக்கு வந்து நின்றது. முகூர்த்த நாளென்றால் அதுவும் இரண்டு கிலோதான்.

"விக்கியளா?"

"இல்ல பாய். இப்ப வேண்டாம்." காப்பையும் சீட்டையும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பார்த்ததற்குக் கூலி கேட்டபோது ஆரிப் வாங்கவில்லை. அவள் படியிறங்கும்போது, "உங்க அண்ணனும் தெரியாம வாங்கியிருக்கலாம்மா. அங்கன நெறையப் பேரு ஏமாந்திருக்கான்" என்றார். மனிதர் ஆறுதல் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சங்கரேஸ்வரி பிடித்துக்கொண்டாள். அப்பா செத்தபோது அவளுக்கு வயது பதிமூன்று. ஸ்கூல் பீஸ் கட்டியவன், சைக்கிள் வாங்கிக் கொடுத்தவன், அவள் கல்யாணத்துக்குப் பந்தலில் ஓடி ஓடிப் பரிமாறியவன் இந்த ராமசுப்புதான். அளப்பு அளப்பான், உண்மைதான். வாய் கொஞ்சம் நீளம். அதற்காகத் தங்கச்சி மகள் கையில் தெரிந்தே பித்தளையைப் போடுவானா? போட்டிருக்க மாட்டான். எவனோ குவைத்தில் அவன் தலையில் கட்டியிருக்கிறான். இப்படி நினைத்தபோது அண்ணன் மேல் அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது.

செல்லச்சாமிக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, "இத வெளிய மூச்சு விடப்படாது. மச்சானுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாரு" என்றார். சீரைப் போட்டவனுக்கு வருத்தம் வந்துவிடக் கூடாதாம், வாங்கி ஏமாந்தவள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமாம். "கோமதி பணத்த எடுத்து ஒரு பவுனாவது இப்ப எடுத்திருவோம். மிச்சத்துக்குக் கடன் பாக்கேன். படிப்பு அடுத்த வருசம்கூடப் படிச்சுக்கிடலாம்."

"நீங்க அடுத்த வருசம் சாப்பிட்டுக்கிடுதியளா?" என்று கேட்டுவிட்டு சங்கரேஸ்வரி போனை எடுத்தாள்.

ராமசுப்பு கல்யாண வேலையில் இருந்தான். பின்னால் பந்தல்காரனை யாரோ திட்டுகிற சத்தம் கேட்டது. அவள் சுற்றி வளைக்காமல், காப்பு தங்கமில்லையாம் அண்ணே, மேல தகடுதானாம், ஆரிப் பாய் கீறிப் பார்த்துவிட்டார் என்று சொன்னாள். பந்தல்காரனைத் திட்டுகிற சத்தத்தை விட்டு அவன் தள்ளிப் போவது கேட்டது.

"ஏட்டி, தாய்மாமன் சீர ஒரசிப் பாத்தியா நீ?" என்று வந்தது குரல். "இந்த ஜில்லாவுல எவளாவது செஞ்சிருக்காளாட்டி இப்படி? பெத்த அப்பன் மாதிரி வளத்தேன். கடல் தாண்டிக் கொண்டாந்து போட்டதக் கல்லுல போட்டுத் தேச்சிருக்கா!"

"தேச்சுப் பாக்கணும்னு போகல அண்ணே. அழிச்சுப் பண்ணத்தான்..."

"அது சுத்தத் தங்கம். அந்த ஆளுக்கு என்ன தெரியும்? கொறச்ச வெலைக்கு அமுக்கப் பாக்கான், நீயும் நம்பிட்டு வந்து நிக்க. இங்க பாரு, சம்பந்தி வீட்டுல சொல்லி வச்சிருக்கேன், அத்த ரெண்டு பவுன் போடுதான்னு. பொண்ணுக்கு முப்பது பவுன்ல அதையும் சேத்துத்தான் கணக்கு. சபையில என்னைக் கேவலப்படுத்திராத." போனை வைத்துவிட்டான்.

அதாவது அவள் போடப்போகிற நகையை எண்ணி, அவன் தன் பெண்ணுக்குப் போடுகிற நகையில் சேர்த்து, சம்பந்தியிடம் வாக்கும் கொடுத்துவிட்டான். இரண்டு பவுனுக்கு இரண்டு தரம் பெயர் வாங்கத் தெரிந்தவன். ஆனாலும் சங்கரேஸ்வரி அந்த ஒரு வார்த்தையை விடாமல் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். சுத்தத் தங்கம் என்றுதானே சொன்னான். அவ்வளவு அடித்துச் சொல்கிறவன் நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறானோ என்னவோ.

நம்புகிறானா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதைச் செல்லச்சாமியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனிதருக்கு அங்கேயே படபடப்பு வந்திருக்கும்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் ஏசி குளிர்ந்ததோ இல்லையோ, ராமசுப்பு குளிர்ந்துபோயிருந்தான். பட்டுச் சட்டை, பட்டு வேட்டி, கையில் சந்தனம். தாலி கட்டி முடிந்ததும் வாசல் பக்கம் மொய் மேஜையை ஒட்டிப் போட்டிருந்த சோபாவில் சம்பந்தி ராஜதுரையை உட்கார வைத்துக்கொண்டு, யார் யார் என்னென்ன செய்கிறார்கள் என்று காது குளிரக் கேட்டுக்கொண்டிருந்தான். ராஜதுரைக்கு வாசுதேவநல்லூரில் இருபது வருடமாக அடகுக் கடை. கல்யாணத்துக்கு வந்த பெண்களின் முகத்தை அவர் பார்த்த மாதிரித் தெரியவில்லை. கழுத்திலிருந்து ஆரம்பித்துக் கையோடு முடித்துக்கொண்டார்.

மேஜையில் ஒரு பெண் கம்ப்யூட்டரில் மொய் பதிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் மைக் பிடித்தவர் ஒவ்வொரு பெயரையும் தொகையையும் வாசித்தார். வாசிக்க வாசிக்க ராமசுப்பு சம்பந்தியின் பக்கம் லேசாகச் சாய்ந்து, "நம்ம சித்தப்பா மகன்தான், நம்ம செஞ்சதுதான் திரும்பி வருது" என்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தான்.

சங்கரேஸ்வரி வரிசையில் நின்று வந்தாள். பின்னால் செல்லச்சாமி, அவருக்குப் பின்னால் கோமதி. "என் தங்கச்சி" என்று ராமசுப்பு எழுந்து நின்றான். "நான் சொன்னேன்லா சம்பந்தி, ரெண்டு பவுன்..."

அவள் கைப்பையைத் திறந்து ஒரு கவரை மேஜையில் வைத்தாள். பக்கத்தில் காப்பையும் வைத்தாள்.

செல்லச்சாமிக்கு முகத்தில் ஈயாடவில்லை. வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். செய்த சீரையே திருப்பிக் கொண்டுவந்து வைப்பதை அந்தச் சபை பார்த்திருக்காது.

"செஞ்சதயே திருப்பிச் செய்யப்படாதுன்னு சொல்லுவாக" என்றாள் சங்கரேஸ்வரி. மைக் பக்கத்தில் இருந்ததால் பாதி மண்டபத்துக்குக் கேட்டது. "ஆனா எங்க அண்ணன் ராசியான கை. அவரு சுத்தத் தங்கத்துல போட்ட காப்பு, அவரு மக கையிலயே கெடக்கட்டும்னு கொண்டாந்தேன். அது முறையில்லன்னு அண்ணன் நெனைச்சா, கவர்ல ரொக்கம் இருக்கு, மூவாயிரத்து அறுநூத்தி எம்பத்தேழு. நீங்களே சொல்லுங்கண்ணே, காப்ப எழுதவா, ரொக்கத்த எழுதவா?"

ராமசுப்பு வாயைத் திறந்தான். எட்டு வருடத்தில் அந்தக் காப்பைப் பார்த்து அவனுக்குப் பேச்சு நின்றது அன்றைக்குத்தான்.

காப்பை வாங்கிக்கொள், காப்பை வாங்கிக்கொள் என்று சங்கரேஸ்வரி மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். வாங்கிக்கொண்டான் என்றால் அவனும் ஏமாந்தவன். நாளைக்கே தனியாகக் கூப்பிட்டு ஆரிப்பிடம் கூட்டிக்கொண்டு போவாள். இரண்டு பேரும் சேர்ந்து குவைத்துக்காரனைத் திட்டலாம். தவணையிலாவது ஒரு பவுன் எடுத்து அந்தப் பெண்ணுக்குப் போட்டுவிடலாம். அவளுக்கு அண்ணன் மிஞ்சுவான்.

ராஜதுரைக்கு இந்தத் தயக்கமே புரியவில்லை. "இதுல யோசிக்க என்ன இருக்கு சம்பந்தி? ரெண்டு பவுனு, ரெண்டு லெச்சம் ரூவாச் சாமான். காப்பயே எழுதச் சொல்லும். அந்தச் சில்லறைய யாரு கேட்டா?" என்றவர் கையை நீட்டினார். "அத இங்கன குடுங்கம்மா, பாப்போம். வெளிநாட்டு வேல மாதிரித் தெரியுது."

அந்தக் கை மேஜைக்கு வந்து சேருமுன் ராமசுப்புவின் கை வந்துவிட்டது. சந்தனம் காயாத கையால் காப்பை அப்படியே மூடி, சங்கரேஸ்வரியின் பக்கம் தள்ளினான். "வேண்டாம், வேண்டாம். எடுத்து உள்ள வையிட்டி" என்றவன் கம்ப்யூட்டர் பெண்ணைப் பார்த்து, "ரொக்கத்தயே எழுதும்மா" என்றான்.

ராஜதுரையின் கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்ல அதை மடக்கிக்கொண்டு மேடையைப் பார்த்தார். மணப்பெண்ணின் கழுத்தை ஒரு தடவை, இரண்டு கைகளையும் ஒரு தடவை. இருபது வருடம் அடகு பிடித்த கண் அது. வாயால் ஒன்றும் கேட்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

"மணமகளின் அத்தை சங்கரேஸ்வரி செல்லச்சாமி, மூவாயிரத்து அறுநூற்று எண்பத்தேழு ரூபாய்" என்று மைக் வாசித்தது. மண்டபத்தில் சிரிப்பு ஒன்று எங்கேயோ ஆரம்பித்து, வரிசை வரிசையாகப் பந்தி வரைக்கும் போனது. மிஷினிலிருந்து வந்த ரசீதை அந்தப் பெண் கிழித்துக் கொடுத்தாள். சங்கரேஸ்வரி வாங்கிக்கொண்டாள். ஜெயித்துவிட்டாள் என்று வரிசையில் நின்றவர்களுக்குத் தோன்றியிருக்கும். அவள் காப்பையும் ரசீதையும் பார்க்காமலே கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சாப்பிட உட்கார்ந்தாள். இலையில் என்ன விழுந்தது என்று தெரியவில்லை. பக்கத்தில் செல்லச்சாமி மானம் போன துக்கத்தில் மூன்றாவது தடவை சாம்பார் கேட்டார். கை கழுவுகிற இடத்தில் ராமசுப்பு அவளைத் தேடிக்கொண்டு வந்தான். வேர்த்திருந்தது.

"நல்லா வாங்கிட்டட்டி என் மானத்த. உனக்குத் திருப்தியா?"

"நீங்க அந்தக் காப்பக் கைநீட்டி வாங்கியிருந்தா அண்ணே," என்று குழாயை மூடாமலே சொன்னாள், "எங்க அண்ணன எவனோ ஏமாத்திட்டான்னு சாகுற வரைக்கும் நம்பியிருப்பேன். ஊரே திரண்டு வந்து வேற சொன்னாலும் கேட்டிருக்க மாட்டேன். கோமதி கையில தெரிஞ்சேதான போட்டீங்க?"

ராமசுப்பு அவசரமாகத் திரும்பிப் பந்தியைப் பார்த்தான். ராஜதுரை தூரத்தில், கேட்காத இடத்தில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் ராமசுப்புவின் முகத்தில் நிம்மதி வந்தது. தங்கச்சி கேட்ட கேள்விக்கு அவனிடம் இருந்தது அந்த நிம்மதி மட்டும்தான்.

சங்கரேஸ்வரிக்கு அதற்குமேல் அவனிடம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. அழுகை வந்தது, முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். மகளைக் கூப்பிட்டு, "திங்கக்கெழம காலையில காலேஜுக்குப் பணம் கட்டப் போறோம், சீக்கிரம் எந்திரி" என்று சொல்லிவிட்டு மண்டபத்தை விட்டு வெளியே நடந்தாள்.